சரிவில் நாலு கோடு

வண்டி சறுக்கியதை சுகிர்தம் கண்ணால் பார்க்கவில்லை. சத்தம் நின்றதைத்தான் கேட்டாள்.

வியாழக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். பங்களாச் சரிவின் கிழக்கு ஓரத்தில் அவளும் கூட வேலை செய்யும் வீரம்மாவும் தோளில் புல்வெட்டி மெஷினை மாட்டிக்கொண்டு, மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்துப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரவெல்லாம் தூறியிருந்தது. விடிந்து இவ்வளவு நேரமாகியும் பனிமூட்டம் சைப்ரஸ் மரங்களை விட்டு விலகவில்லை. அவளுடைய மெஷினில் நைலோன் நூல் தேய்ந்து அறுந்துபோயிருந்தது. புது நூல் சுற்றுவதற்காக நிறுத்திவிட்டுக் குந்தியிருந்தாள். மூட்டத்துக்குள் சின்ன டிராக்டர் இரைந்துகொண்டிருந்தது. அதை ஓட்டுவது அவள் புருஷன் யேசுரட்ணம். அந்த வண்டியில் அன்றுதான் அவனுக்கு முதல் நாள்.

இரைச்சல் மேலேயிருந்து கீழே வந்தது. திடீரென்று வேகமாக வந்தது. பிறகு தேயிலைச் செடிகள் மடமடவென்று முறிகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

சுகிர்தம் மெஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

கந்தப்பளை டவுனிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் இருக்கிறது அந்த பங்களா. ஒரு காலத்தில் பெரிய துரை குடியிருந்தது. இப்போது ஹோட்டல். பங்களாவுக்கு முன்னால் கிடந்த தேயிலையைப் பிடுங்கிவிட்டு, வருகிறவர்கள் நின்று படம் பிடிக்க வசதியாக நாலு ஏக்கருக்குப் புல் போட்டிருந்தார்கள். மேலே நாற்காலி போட்டு உட்காரக்கூடிய சாய்வு; கீழே போகப்போக நிற்கவே கால் விரலை ஊன்ற வேண்டிய சரிவு. சரிவு முடிகிற இடத்தில் பழைய தேயிலை வரிசை ஒன்று மிச்சமிருந்தது. அதற்கும் கீழே ஐம்பதடிப் பள்ளம், அதன் அடியில் ஆறு.

ஆறு வருடமாக இந்தப் புல்லை வெட்டிவந்தது நாலு பெண்கள். மேலே தொடங்கிக் கீழே வெட்டி முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆகும். அதற்குள் மேலே மறுபடி வளர்ந்திருக்கும். அதனால்தான் ஹோட்டல் மேனேஜர் கிஷாந்த், ஜப்பானிலிருந்து வந்த பழைய சின்ன டிராக்டர் ஒன்றை வாங்கிவந்தான். ஆள் உட்காருகிற இடத்துக்கு மேலே ஒரு இரும்பு வளையம், வயிற்றுக்கடியில் புல் வெட்டும் தட்டு. கியர் போட்டு மாற்றுகிற வேலை இல்லை. எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற வண்டி. காலுக்கடியில் ஒரு மிதி, முன்னுக்கு அழுத்தினால் முன்னுக்குப் போகும், பின்னுக்கு அழுத்தினால் பின்னுக்கு. வண்டியில் எழுதியிருந்ததெல்லாம் ஜப்பான் எழுத்து. எல்லோருக்கும் விளங்கியது வேகத்தை மாற்றும் தடிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு படங்கள் மட்டும்தான்: ஒரு ஆமை, ஒரு முயல்.

யேசுரட்ணத்தை ஓட்டக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. தோட்டத்துத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து ஏற்றும் டிராக்டர் ஓட்டியவன். தொழிற்சாலையை மூடி மூன்று வருடமாகிறது. கிடைத்த கூலி வேலையைச் செய்துகொண்டிருந்தான். இந்த வேலையும் இல்லையென்றால் கொழும்புக்குப் போய்க் கடையில் மூட்டை தூக்குவது என்று முடிவு செய்திருந்தான். நாற்பத்தெட்டு வயதில்.

சுகிர்தம் கீழே போய்ச் சேர்ந்தபோது டிராக்டர் தேயிலைக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. இன்னும் இரண்டு செடி முறிந்திருந்தால் பள்ளம். யேசுரட்ணம் வண்டிக்கு மேல்பக்கம் புல்லில் உட்கார்ந்து வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். முகம் சாம்பலாக இருந்தது.

அவள் குனிந்து அவன் முகத்துக்குக் கிட்டே போனாள். கன்னத்தைத் தொட்டாள். ஒரு மூச்சு இழுத்தாள். பிறகுதான் கையைப் பார்த்தாள்.

"பிரேக் புடிக்கல," என்றான் அவன். "ஏறி நின்னு மிதிச்சேன். புடிக்கல சுகிர்தம்."

மேலேயிருந்து வாட்ச்சர் மூக்கன் இறங்கி வந்தான். பின்னால் கிஷாந்த், சமையலறை ஆட்கள் இரண்டு பேர். யாரும் அடிபட்டவனை உடனே ஒன்றும் கேட்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை என்ன சொல்கிறது என்று சுகிர்தத்துக்குத் தெரியும். அதே கேள்விதான் சற்று முன்பு அவளையும் மூச்சு இழுக்க வைத்தது. யேசுரட்ணம் குடியை விட்டு நாலு வருடம். ஒரு பெரிய வெள்ளிக்கிழமையன்று விட்டவன் பிறகு தொடவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள், குடித்துவிட்டுக் கொழுந்து டிராக்டரைக் கானில் இறக்கியவனும் அவன்தான். தோட்டத்தில் நாலு வருடத்தை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அந்த ஒரு நாளை எல்லோரும் வைத்திருந்தார்கள்.

மத்தியானம் நுவரெலியாவிலிருந்து மெக்கானிக் கணேசமூர்த்தி வந்தான். பத்துப் பேர் கயிறு கட்டி வேறு பக்கமாக இழுத்து மேலே கொண்டுவந்திருந்த வண்டியைச் சுற்றிப் பார்த்தான், அடியில் படுத்துப் பார்த்தான். பிறகு ஏறி, பங்களா முற்றத்துச் சரளையில் வேகமாக ஓட்டிவந்து பிரேக்கை மிதித்தான். கல் தெறிக்க வண்டி குத்தினாற்போல் நின்றது. மூன்று தரம் அப்படிச் செய்தான்.

"பிரேக் பிரமாதமா இருக்கு சார்," என்றான் கிஷாந்திடம். "ஓட்டினவரத்தான் பாக்கணும்."

மூக்கன் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பழைய பழக்கம் எங்க போகும்," என்றான்.

கிஷாந்த் கெட்டவனில்லை. கண்டியிலிருந்து வந்த முப்பது வயதுப் பையன். முதலாளிமாருக்குப் பதில் சொல்ல வேண்டியவன். "யேசண்ணே, நீங்க போய்க் கைக்கு மருந்து போடுங்க," என்றான். "திங்கக்கெழம வேற டிரைவர் ஒருத்தர வரச் சொல்றேன். அவருக்கும் சரிவரலேன்னா வண்டியத் திருப்பி அனுப்பிருவோம்." யேசுரட்ணம் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். சுகிர்தமும் மூக்கனுக்கு ஒன்றும் சொல்லாமல் பின்னால் போனாள்.

லயத்தில் தங்கள் வீட்டுக்கு வந்து அவள் அடுப்பை மூட்டினாள். காலையில் சுட்ட ரொட்டி இரண்டு இருந்தது. தணலில் காட்டிச் சூடாக்கி, மிளகாய் இடித்த கட்டச் சம்பல் வைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மஞ்சள் பற்றுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் இடது கையால் ரொட்டியைப் பிய்க்கப் பார்த்தான். வரவில்லை. அவள் பிய்த்து வைத்தாள்.

"நீ கீழ ஓடி வந்தியே," என்றான் அவன், தட்டைப் பார்த்துக்கொண்டே. "வந்து மொதல்ல என்னா பாத்த?"

"கையத்தான் பாத்தேன்."

"கைய அப்புறம் பாத்த. மொதல்ல மூஞ்சிகிட்ட வந்து மோந்து பாத்த."

அடுப்பில் ஈர விறகு சீறியது. அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"வாசம் இருந்துச்சா?"

"இல்ல."

"இல்லேன்னு ஒனக்குத் தெரியும். அந்த மூக்கன் சொன்னப்ப அங்கதான நின்ன? ஒரு வார்த்த சொன்னியா?"

அவன் கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். அவன் கத்தவில்லை. பிய்த்த ரொட்டியைச் சம்பலில் தொட்டு மெதுவாகத் தின்றான். மகள் யூஜினா ஹட்டனில் தங்கி டீச்சர் வேலைக்குப் படிக்கிறாள். சாயங்காலம் போன் எடுப்பாள். அவளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று சுகிர்தம் யோசித்தாள். யோசித்ததில் வேறொன்று வந்து நின்றது.

"எனக்கு ஒண்ணு வெளங்கலங்க," என்றாள். "நீங்களும் குடிக்கல. பிரேக்கும் நல்லா இருக்கு. நானே பாத்தேன், சும்மா முட்டுக் குடுத்த மாதிரி நிக்கிது. அப்ப எப்புடிங்க வண்டி போகும்?"

"அதத்தான் நானும் காலையிலயிருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

"மொதல்லயிருந்து சொல்லுங்க. எங்க ஏறுனீங்க, காலு எங்க இருந்துச்சு, எல்லாத்தையும்."

"ஒனக்கு என்னா தெரியும் அதப் பத்தி?"

"வண்டியப் பத்தித் தெரியாது. அந்தச் சரிவப் பத்தித் தெரியும். ஆறு வருசமா காலால ஒழப்புறேன்."

அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான். மேலே வெட்டும்போது வண்டி பூப்போல ஓடியது. நடுச்சரிவில் ஏறும்போது திணறியது. மிதியை முழுசாக அழுத்தினான், இன்னும் திணறியது, இன்ஜின் செத்துப்போகப் பார்த்தது. தடி முயல் பக்கம் இருந்தது. எப்படியோ ஏற்றித் திருப்பிக் கீழே இறக்கினான். வேகம் கூடுகிற மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. மிதித்தான்.

"மிதிச்சதும் நிக்கணும்ல? இது மிதிச்சதுந்தான் ஓட ஆரம்பிச்சிச்சு. சவுக்காரத்து மேல போற மாதிரி."

"எந்த எடத்துல மிதிச்சீங்க?"

"ஒத்தச் சைப்ரஸ் மரம் இருக்குல்ல, அதுக்கு நேரா."

சுகிர்தம் எழுந்து தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டாள். வானம் மேற்கில் கறுத்துக்கொண்டு வந்தது. நாலு மணிக்கு மழை இறங்கிவிடும். இறங்கினால் புல்லில் என்ன இருந்தாலும் அழிந்துபோகும்.

ஒற்றைச் சைப்ரஸுக்கு நேராக நின்று கீழே பார்த்தாள். காலையில் பதற்றத்தில் ஓடியபோது அவள் கண்ணுக்குப் படாதது இப்போது தெளிவாக இருந்தது. இறங்குகிற வண்டியின் வால் ஒரு பக்கமாகக் கொஞ்சம் இழுத்திருந்தது. அதனால் முன் சக்கரத்தின் தடமும் பின் சக்கரத்தின் தடமும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தனித்தனியாகக் கிடந்தன. நாலு கோடு. பெரிய சக்கரங்களின் கோடு இரண்டும் வழவழவென்று இருந்தன. புல்லின் தோல் உரிந்து, சேறு பூசி மெழுகின மாதிரி. சின்னச் சக்கரங்களின் கோட்டில் அப்படி இல்லை. டயரின் பூ ஒவ்வொன்றும் அச்சு வைத்தாற்போல் பதிந்து, வரிசையாகக் கீழே போயிருந்தது.

அவள் குனிந்து அந்த அச்சில் விரலை வைத்துப் பார்த்தாள். இன்னும் பத்தடி கீழே போய் அங்கும் வைத்துப் பார்த்தாள். ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. என்னவென்று சொல்ல வரவில்லை. தேயிலை வரைக்கும் நடந்து, திரும்பி ஏறி, மறுபடி நடந்தாள்.

கான் பக்கத்திலிருந்து வீரம்மா கூப்பிட்டாள். "என்னாடி தேடுற? காதுல கெடந்தது ஏதும் விழுந்துருச்சா?"

"இங்க வாக்கா. இதப் பாரு. ஏன் இது ரெண்டும் ஒரு மாதிரி, அது ரெண்டும் வேற மாதிரி இருக்கு?"

வீரம்மா வந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்து யோசித்தாள். "இது இழுத்துக்கிட்டுப் போயிருக்கு," என்றாள் பெரிய கோட்டைக் காட்டி. "அது நடந்து போயிருக்கு."

சுகிர்தம் லயத்துக்கு ஓடினாள். யேசுரட்ணம் வரமாட்டேன் என்றான். அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன் என்றான். "மழ வருதுங்க, ஒரே ஒரு தரம்," என்று அவள் இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தூறல் விழத் தொடங்கிவிட்டது. அவன் கோடுகளைப் பார்த்தான். பிறகு அவள் செய்த மாதிரியே குந்தி, அச்சில் விரலை வைத்தான். வழவழப்பான கோட்டிலும் வைத்தான்.

"பின்னாடிச் சக்கரம் நின்னுருச்சு," என்றான். "சுத்தமா நின்னுருச்சு. பிரேக் புடிச்சிருக்கு. புடிச்ச சக்கரம் ஈரப்புல்லுல வழுக்கிக்கிட்டுப் போயிருக்கு. முன்னாடிச் சக்கரத்த யாரும் புடிக்கல. அது பாட்டுக்கு உருண்டு போயிருக்கு."

"அப்ப பிரேக் பின்னுக்கு மட்டுந்தானா?"

"கொழுந்து டிராக்டருக்கும் அப்புடித்தான். ஆனா அது கனம். அதோட நாம ரோட்டுல ஓட்டுனோம். இங்க எறங்குறப்ப பாரமெல்லாம் மூக்குக்கு வந்துரும். பின்னாடி ஒண்ணுமே இல்ல, வெறும் காத்து. காத்தப் புடிச்சு நிறுத்தி என்னா செய்ய?" அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். காலையிலிருந்து முதல் தடவையாக முகத்தில் நிறம் வந்திருந்தது. "கணேசமூர்த்தி மட்டத்துல ஓட்டிப் பாத்தான். மட்டத்துல நிக்கிற பிரேக்குதான் இது. அவன் சொன்னதும் சரி. நான் சொன்னதும் சரி."

"அப்ப ஜப்பான்காரன் எப்புடி ஓட்டுனான்? அங்கயும் மலதானே?"

மழை கொட்டியது. இரண்டு பேரும் சைப்ரஸுக்குக் கீழே ஒதுங்கி நின்று, நாலு கோடும் தண்ணீரில் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையும்போது அவன் சொன்னான், "முன்னாடிச் சக்கரத்தையும் இழுக்க வைக்க ஒரு தடி இருக்கணும். இல்லாம இருக்காது."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே இருவரும் பங்களா வாசலில் நின்றார்கள். கிஷாந்துக்கு முதலில் பிடிக்கவில்லை. "அண்ணே, மெக்கானிக்கே பாத்துச் சொல்லிட்டாரு," என்றான்.

"பாத்துருக்கட்டும் தம்பி. நாங்க ஓட்டல. சும்மா தடிங்களப் பாக்குறோம்," என்றாள் சுகிர்தம்.

சீட்டுக்குக் கீழே, இடது பக்கம், சேறு அப்பிய ஒரு குட்டையான தடி இருந்தது. புல் வெட்டும் தட்டை உயர்த்துகிற தடி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது. சுகிர்தம் சாக்கு நுனியால் சேற்றைத் துடைத்தாள். அடியில் ஒரு தகடு, அதில் நாலைந்து எழுத்து. சின்னச் சின்ன வீடு கட்டி வைத்த மாதிரி இருந்தது.

"தம்பி, ஒங்க போன்ல படம் புடிச்சா வேற பாஷையில சொல்லுமாமே? யூஜினா சொல்லுவா."

கிஷாந்த் அரை மனதோடு போனைத் தகட்டுக்கு நேராகப் பிடித்தான். பார்த்தான். குனிந்து கிட்டே வைத்து மறுபடி பார்த்தான். இப்போது அவனுக்கும் ஆவல் வந்துவிட்டது.

"'முன் சக்கரம்'னு போட்டிருக்கு. இந்தப் பக்கம் 'உள்ளே'. அந்தப் பக்கம் 'துண்டி'."

"தடி எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டான் யேசுரட்ணம்.

தடி 'துண்டி' பக்கம் இருந்தது.

அவன் கை கட்டோடு இருந்தது, ஓட்ட முடியாது. கை நன்றாக இருந்திருந்தாலும் அன்றைக்கு ஏறியிருக்க மாட்டான். அவன் வண்டிக்கு ஒரு எட்டு தள்ளியே நிற்பதை சுகிர்தம் கவனித்தாள். "நான் ஏறவா?" என்றாள். கிஷாந்த் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். "தோட்டத்துக்குள்ளதான தம்பி. ரோட்டுக்கா போறேன்? புல்லுல எங்க கால் வைக்கலாம் எங்க வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். அவுரு பக்கத்துல நடந்து வருவாரு."

ஏறி உட்கார்ந்து, இடுப்புப் பட்டியை மாட்டினாள். குட்டைத் தடியை 'உள்ளே' பக்கம் அழுத்தினாள். மேட்டுத் தளத்தில் முன்னும் பின்னும் பத்துத் தரம் ஓட்டிக் கால் பழக்கினாள். காலை எடுத்தால் வண்டி நின்றது. அது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. பிரேக்கே தொடாமல், சும்மா காலை எடுத்தாலே நின்றது. எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

முதல் ஏற்றத்தில் வண்டி திணறியது. யேசுரட்ணம் பக்கத்தில் நடந்துகொண்டே கத்தினான், "மிதி! நல்லா மிதி!"

மிதித்தாள். இன்ஜின் குரல் அடங்கிப்போனது. பயத்தில் காலைக் கொஞ்சம் தளர்த்தினாள். உடனே இன்ஜின் மூச்சு வாங்கினாற்போல் நிமிர்ந்து, வண்டி மெதுவாக, ஆனால் விடாமல் ஏறியது.

"என்னா செஞ்ச?" என்றான் அவன்.

"கால எடுத்தேன். கொஞ்சம்."

"எடுத்தா எப்புடி ஏறும்?"

"ஏறுதே!" அவள் சிரித்துவிட்டாள். "மிதிக்க மிதிக்க சத்துக் கொறையுது, கால தளத்துனா சத்து வருதுங்க. வேகமா போகச் சொன்னா சண்ட போடுது. மெதுவா போன்னா கேக்குது."

அவன் நம்பவில்லை. மறுபடி செய்யச் சொன்னான். தடியை ஆமைக்கு மாற்றிச் செய்யச் சொன்னான். ஆமையில் வண்டி அவன் நடக்கிற வேகத்துக்குத்தான் போனது, ஆனால் எந்த இடத்திலும் திணறவில்லை. கிஷாந்தும் செருப்பு நனைய அவர்களோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். சரிவுக்குக் குறுக்கே ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள். சீட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "குறுக்க வேணாம், நேரா ஏறு, நேரா எறங்கு," என்றான் யேசுரட்ணம். அது அவளுக்கும் பட்டிருந்தது.

கடைசியில் ஒற்றைச் சைப்ரஸுக்கு மேலே வந்து வண்டியின் மூக்கைக் கீழ்நோக்கித் திருப்பினாள். வீரம்மாவும் மற்ற இரண்டு பெண்களும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூக்கன் வாசல் கேட்டிலிருந்து வந்திருந்தான்.

"பிரேக்குல கால் வைக்காத," என்றான் யேசுரட்ணம். "என்னா நடந்தாலும் வைக்காத. மிதியிலயிருந்து மெதுவாக் கால எடு."

அவள் இறக்கினாள். ஆமை வேகத்தில் வண்டி புல்லை வெட்டிக்கொண்டே இறங்கியது. நேற்று அவன் பிரேக் மிதித்த இடத்துக்கு நேராக வந்ததும், மெதுவாகக் காலை எடுத்தாள். நாலு சக்கரமும் ஒன்றாகப் புல்லைக் கவ்வின. வண்டி நின்றது. கீழே தேயிலை, அதற்கும் கீழே ஆற்றுச் சத்தம். அவள் மூச்சை விட்டாள்.

இன்னும் முப்பதடி போயிருப்பாள். தானாகவே நிறுத்தினாள். தட்டின் கத்தியை நிறுத்தி, வண்டியை நகராமல் பூட்டி, இறங்கினாள்.

"இதுக்குக் கீழ போகாது தம்பி."

"ஏன் அக்கா? நல்லாத்தானே போகுது."

"இங்கயிருந்து ஊத்து. வெயில் காலத்துலயும் கால் பொதையும். சரிவும் மேல உள்ள மாதிரி இல்ல. நாலு சக்கரம் இல்ல, நாப்பது சக்கரம் போட்டாலும் சேத்தோட சேந்து போயிரும். மேல உள்ள மூணு பங்க வண்டி வெட்டட்டும். இந்தக் கீழ்ப்பங்க நாங்க நாலு பேரும் கையாலதான் வெட்டணும்."

கிஷாந்த் யோசித்தான். வண்டி வந்தால் நாலு பெண்களில் இரண்டு பேரை நிறுத்தலாம் என்பது முதலாளிமாரின் கணக்கு. அது எல்லோருக்கும் தெரியும். "கொஞ்சம் காஞ்ச நாள்ல பாக்கலாமே," என்றான்.

"தம்பி," என்றான் யேசுரட்ணம், "காஞ்ச நாள்னு ஒண்ணு இந்த எடத்துக்குக் கெடயாது. அவ சொல்றதக் கேளுங்க. நேத்து நான் ஏறுறதுக்கு முன்ன யாராச்சும் அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நான் தேயிலைக்குள்ள போயிருக்க மாட்டேன். நானும் கேக்கல."

கிஷாந்த் அங்கேயே நின்று மெக்கானிக்குக்குப் போன் எடுத்தான். எல்லோரும் கேட்கும்படி சத்தமாகப் போட்டான். முன் சக்கரத் தடியைப் பற்றிக் கேட்டதும் கணேசமூர்த்தி சற்றுத் தடுமாறினான். "அது வந்து... அத நான் பாக்கல சார். மட்டத்துலதான போட்டுப் பாத்தேன்."

"அப்ப நேத்துக் குடிச்சிட்டு ஓட்டலியா?" என்றான் மூக்கன். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

சுகிர்தம் அவன் பக்கம் திரும்பினாள்.

"குடிக்கல. நான்தான் மொத ஆளா கிட்டப் போயி மோந்து பாத்தேன். நாலு வருசம் கழிச்சும் எனக்கே சந்தேகம். வாசம் ஒண்ணும் இல்ல. இல்லேன்னு தெரிஞ்சும் நேத்து ஒங்க எல்லாருக்கும் முன்னால வாயத் தொறக்காம நின்னேன். அது என் தப்பு. இப்பச் சொல்றேன். அவுரு குடிக்கல."

வீரம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, வாங்கடி, வேல கெடக்கு," என்றாள். யேசுரட்ணம் தலையைக் குனிந்து, வண்டியின் முன்டயரில் ஒட்டியிருந்த புல்லை இடது கையால் நோண்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த இரண்டு வாரமும் சுகிர்தம்தான் ஓட்டினாள். திங்கட்கிழமை வருவதாக இருந்த டிரைவரைக் கிஷாந்த் வரவேண்டாம் என்றுவிட்டான். ஊற்றுக்கு மேலே, சரிவின் குறுக்கே, சுண்ணாம்பு அடித்த கட்டைகளை நட்டு எல்லை போட்டார்கள். அதற்குக் கீழ் நாலு பெண்களின் பங்கு. சுகிர்தம் வண்டியில் இருக்கிற நாட்களில் மூன்று பேர் வெட்டினார்கள். யாரையும் நிறுத்தவில்லை. யேசுரட்ணம் தினமும் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தான். எண்ணெய் சூடேறினால் ஏற்றத்தில் வண்டி சோர்ந்துபோகிறது என்று கண்டுபிடித்தான். பத்து ஏற்றத்துக்கு ஒரு தரம் நிழலில் நிறுத்தி ஆறவைக்கச் சொன்னான். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிப்புக் கூடுகிறது என்று கண்டுபிடித்தான். ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் இருவரும் அதைப் பற்றியே பேசினார்கள். மற்றதைப் பற்றிப் பேசவில்லை. பேச்சில் ஒரு மரியாதை வந்திருந்தது. விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி. அது சுகிர்தத்துக்கு வலித்தது. கைக்கட்டு அவிழ்ந்த பிறகும் அவன் வண்டியில் ஏறவில்லை. ஏறுங்கள் என்று அவளும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, காலைப் பனி இன்னும் புல்லில் இருக்கும்போது வண்டியில் உட்கார்ந்திருந்தவளிடம் யேசுரட்ணம், "எறங்கு," என்றான்.

இறங்கினாள். பட்டியை அவன் இடுப்பில் மாட்டுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, தன் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே போனாள். வண்டி மேலே இரண்டு தரம் ஏறி இறங்குவது கேட்டது. மூன்றாம் தரம் ஒற்றைச் சைப்ரஸைத் தாண்டி நேராகக் கீழே வந்தது. சுகிர்தம் சுண்ணாம்புக் கட்டை ஒன்றுக்குப் பக்கத்தில், சரியாக வண்டியின் வழியில், நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அடியேய், வருது, தள்ளு!" என்று வீரம்மா ஓரத்துக்கு ஓடினாள்.

சுகிர்தம் நிமிர்ந்து பார்த்தாள். வண்டியின் மூக்கு பெரிதாகிக்கொண்டு வந்தது. மேலே யேசுரட்ணத்தின் முகம். வாய் என்னவோ கத்துகிறது. இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. அவள் நூலைச் சுற்றி முடித்து, மூடியைத் திருகிப் பூட்டினாள். நகரவில்லை.

பத்தடி மேலே வண்டி நின்றது. வழுக்கவில்லை, உறுமவில்லை. சும்மா நின்றது.

அவன் கத்தியை நிறுத்தி, பூட்டி, பட்டியைக் கழற்றி, குதித்து இறங்கி வந்தான்.

"ஒனக்குப் பைத்தியமா? கூப்புடுறேன் கூப்புடுறேன், மரம் மாதிரி நிக்கிற! வழுக்கியிருந்தா என்னா ஆகும்? ஆத்துல தேடணும் ஒன்ன! அறிவிருக்கா? மூணு வாரமா இதுல உருண்டு பொரண்டும் அறிவு வரல?"

இந்தப் பழைய குரலை அவள் அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு கேட்கவேயில்லை. அவன் இன்னும் நன்றாகத் திட்டட்டும் என்று நின்றாள். அவன் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னாள்:

"நீங்கதான ஓட்டுனீங்க."

அவன் அவள் தோளில் தொங்கிய மெஷினின் வாரைப் பிடித்து இழுத்து நேராக்கினான். "ஓரமா நில்லு," என்றான். திரும்பிப் போய் ஏறிக்கொண்டான். வண்டி பின்பக்கமாகவே, நேராக, மெதுவாகச் சரிவில் ஏறிப் போனது. போகிற வழியெல்லாம் அவன் வாய் இன்னும் திட்டிக்கொண்டிருப்பது கீழேயிருந்தே தெரிந்தது.